கல்யாணச் செலவை நிர்ணயிப்பது யார்?

விவாகம் செய்துகொள்ளும் இருவரும் விவாகச் செலவைப் பற்றி வாய் திறக்கலாகாது என்பது, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் சாதி மத பேதமின்றி ஊன்றிப்போன அபிப்பிராயம். மண்டபம் எது, இலை எத்தனை, பவுன் எவ்வளவு, மாப்பிள்ளைக்கு என்ன, சம்பந்தி வீட்டாருக்கு என்ன என்பனவெல்லாம் பெரியவர்கள் பேசி முடிக்கவேண்டிய காரியங்கள். பெண்ணும் பிள்ளையும் முகூர்த்த வேளைக்கு வந்து மணையில் அமரவேண்டியவர்கள். தொகையைப் பற்றி அவர்கள் கேட்டால் பெற்றோரைச் சந்தேகித்ததாகும், குறைக்கச் சொன்னால் குடும்பத்தைச் சிறுமைப்படுத்தியதாகும் என்பது அதன் சாரம். பாளையங்கோட்டையில் படித்து, உத்தியோகம் தேடிக்கொண்டு, தம் வாடகையையும் வரியையும் தாமே செலுத்திவரும் இருபத்தெட்டு வயது யுவதியும் முப்பது வயது வாலிபனும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மைனர்களாகவே நடத்தப்படுகிறார்கள். அவர்களிற் பலர் அதையே மரியாதையென்று எண்ணி ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள்.

இவ்வபிப்பிராயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. கல்யாணம் இருவருடைய சொந்த விஷயம் மாத்திரமன்று, இரு குடும்பங்களின் சேர்க்கை என்பது உண்மை. பெண்ணைப் பெற்ற தகப்பனார் இருபது வருஷ காலம் தம் ஆசைகளை ஒடுக்கிச் சேர்த்த பொருளை, தம் மனம் குளிர ஒருநாள் செலவிட விரும்புவதில் இழிவு ஒன்றுமில்லை. ஊராரைக் கூட்டி உண்பித்துச் செய்யும் கல்யாணத்துக்கு ஊராரே சாட்சியாவார்கள் என்பதும், பின்னாளில் தம்பதிகளுக்குள் பிணக்கு நேர்ந்தால் அச்சாட்சிகளே வந்து நின்று சமாதானம் செய்துவைப்பார்கள் என்பதும் அனுபவத்தில் கண்டவை. இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும், நான் மறுப்பது ஒன்றையே: செலவின் அளவை நிர்ணயிக்கும் அதிகாரம், அச்செலவின் பின்விளைவைச் சுமக்கப்போகிறவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் இருக்கலாம் என்ற கொள்கையை. அதற்கு ஆதாரமாகக் கூறப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது நியாயம்: வாழ்நாளில் ஒரே ஒரு முறை வரும் சுபகாரியம், அதில் கணக்குப் பார்க்கலாமா?

ஒருமுறை வருவது கல்யாணம். மாதந்தோறும் வருவது தவணை. தம்பதிகளின் கூட்டு வருமானம் மாதம் 50,000 ரூபாய் என்றும், கல்யாணத்துக்காக 10 லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணைக்கு வாங்கினார்கள் என்றும் வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 22,240 ரூபாய் வீதம் அறுபது மாதம் செலுத்தியாகவேண்டும். வட்டி மட்டும் மூன்றேகால் லட்சத்துக்கு மேல் ஆகும். புதுக்குடித்தனத்தின் முதல் ஐந்து ஆண்டுகள், அதாவது குழந்தை பிறந்து மனைவி சிலகாலம் சம்பளமின்றி இருக்க நேரும் அதே ஆண்டுகள், வருமானத்தின் கிட்டத்தட்ட பாதியை ஒரு நாளுக்காகத் திருப்பிக் கொடுப்பதிலேயே கழியும். இதுவும் வங்கி நம்பிக் கொடுக்கும் பாக்கியவான்களின் கணக்கு. வங்கிக்குக் காட்டச் சம்பளச் சீட்டில்லாத விவசாயியும் சிறு வியாபாரியும் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்குகிறார்கள். மூன்று லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய் வட்டியாகவே போய்விட, முதல் அப்படியே நிற்கிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 அக்டோபர் 23ஆம் தேதி, நெல்லையில், ஆற்றங்கரைக் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு பெண்குழந்தைகளும் கந்துவட்டித் தொல்லை தாளாமல் தீயில் வெந்தார்கள். அது கல்யாணக் கடன் என்று நான் சொல்லவரவில்லை. இந்த ஊரில் கடன் என்பது எதுவரையில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதை அறிந்த ஊரார், ‘கணக்குப் பார்க்காதே’ என்று பிள்ளைகளுக்கு உபதேசிப்பது எவ்வாறு தகும் என்றே கேட்கிறேன்.

கடன் வாங்காமல், சேமிப்பைக் கரைத்துச் செய்பவர்கள் தப்பித்துவிட்டார்களா? 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு தினங்களில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, தாழ்ந்த பகுதி வீடுகளில் புகுந்தபோது, பாத்திரம் பண்டம் முதற்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி வாங்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஆவணியிலோ ஐப்பசியிலோ கையிருப்பு முழுவதையும் மண்டபத்தில் இறக்கிவிட்ட வீட்டுக்கு மார்கழியில் என்ன மிஞ்சியிருக்கும்? கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் என்ன வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. கடையத்துச் செல்லம்மாளுக்கும் சுப்பிரமணிய பாரதிக்கும் விவாகம் நடந்தது 1897இல். எட்டயபுரத்துப் பஞ்சாலை முயற்சியில் நொடித்துப்போன பாரதியின் தகப்பனார் சின்னசாமி ஐயர் காலமானது 1898இல். பிழைப்புக்கும் படிப்புக்கும் மாப்பிள்ளை காசியிலிருந்த அத்தை வீட்டை நாடவேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்தை வீழ்த்தியது கல்யாணமல்ல, வியாபாரம். ஆயினும், வீழ்ச்சிக்கு முன்னறிவிப்பு இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் இப்பிரதேசத்தில் வேறு வேண்டியதில்லை.

இரண்டாவது நியாயம்: இது பரம்பரை வழக்கம்; நாம் மாற்றலாகாது.

எந்தப் பரம்பரை என்று கேட்கவேண்டும். காரும் பிசானமும் என இரு போகம் நெல் விளைந்த இப்பள்ளத்தாக்கில், பிசான அறுவடை முடிந்து நெல் வீடு வந்துசேர்ந்த பின்னரே கல்யாணப் பேச்சு எழும். அந்த நெல்லே விருந்தின் அரிசியாகும். தெருவையடைத்துப் பந்தல், வீட்டுப் பின்புறத்தில் ஓலை வேய்ந்த ஆக்குப்புரை, முந்தின இரவு கூடியிருந்து காய் நறுக்கும் உற்றார், சமையலுக்குத் தலைமை தாங்கும் ஒரு தவசிப்பிள்ளை, மறுநாள் மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்த்த சொதி, அதற்குத் தோதாக இஞ்சிப் பச்சடி. பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் கோரையை நுண்ணிழையாகக் கிழித்து, மணமக்கள் பெயரை ஊடே வைத்து நெய்து தந்த பாய். பெரிய கல்யாணங்கள் அப்போதும் இருந்தன, கடன்பட்டவர்களும் இருந்தார்கள். எனினும், செலவின் பெரும்பகுதி தானியமாகவும் உழைப்பாகவும் இருந்தது. உழைத்தவர்களுக்கு அடுத்த கல்யாணத்தில் உழைப்பே திருப்பிக் கொடுக்கப்பட்டது. இன்றோ காய் நறுக்கும் சித்தியும் இல்லை, பந்தல் போடும் மச்சினனும் இல்லை. காண்டிராக்டர் இருக்கிறார், அவர் இலைக்கு இவ்வளவு என்று விலை கூறுகிறார். பழைய கல்யாணத்தின் கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அக்கூட்டத்தைத் தாங்கிய உழைப்புப் பரிமாற்றத்தை இழந்துவிட்ட பிறகு, மிஞ்சியதற்குப் பரம்பரை என்று பெயரிடுவது பொருந்தாது. கல்யாணத்துக்கு முந்திய புகைப்படப் பிரயாணமும், தலைக்குமேல் பறக்கும் கேமராவும், மேடைக்குப் பின்னால் எரியும் எல்.இ.டி. திரையும், வரவேற்பு மெல்லிசையும் எந்தப் பாட்டனார் வைத்துப்போன சம்பிரதாயங்கள்? இவற்றை ஒரு கேள்வியுமின்றிச் சேர்த்துக்கொள்ளும் குடும்பம், எதையேனும் நீக்கவேண்டும் என்று மணமக்கள் சொன்னவுடன் பரம்பரையை அழைக்கிறது.

வழக்கத்தை மாற்றுவதும் தமிழ்நாட்டில் வழக்கமே. 1425ஆம் ஆண்டில், மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி, விவாகத்தைக் கன்னிகாதானமாகவே செய்வதென்றும், அதற்காகப் பொன் கொடுத்தவரும் வாங்கியவரும் ராஜ தண்டனைக்கும் சாதி விலக்குக்கும் உரியவர் என்றும் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு, அதை விரிஞ்சிபுரம் கோயிலில் கல்லில் வெட்டிவைத்தார்கள். பொதிகைக்கு மேற்கே நாராயண குரு, குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திய தாலிகெட்டுக் கல்யாணம் என்ற சடங்கையும் திரண்டுகுளி என்ற பூப்பு நீராட்டையும் நிறுத்தச் சொன்னார். அவர் சமூகத்தார் நிறுத்தினார்கள். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைக் கல்யாணத்தை நடத்திவைத்தார். 1967இல் அண்ணாவின் அரசாங்கம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகக் கூறினாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ விவாகம் செல்லும் என்று விதித்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் பதிவு செய்துகொள்ளவேண்டும்; அது ஒரு சிறு கட்டணத்தோடு முடியும் காரியம். சட்டம் கேட்பது இவ்வளவுதான். எஞ்சிய ஒவ்வொரு ரூபாயும் நம் விருப்பத்தினால் செலவிடப்படுவதே. விருப்பம் என்றால், யாருடைய விருப்பம் என்று கேட்க மணமக்களுக்குப் பாத்தியதை உண்டு.

மூன்றாவது நியாயம்: மொய் வந்துவிடும்.

இது கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் வாதமாகையால், கணக்காலேயே மறுக்கவேண்டும். மண்டபத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் பல மாதங்களுக்கு முன் கொடுக்கப்படுகிறது. மொய்யோ, சில சமூகத்தார் வழங்கும் சுருளோ, முகூர்த்தத்தன்று வருகிறது. இடைக்காலத்துக்கு வட்டி உண்டு. வந்த தொகையும் வருமானமன்று. நோட்டில் பெயரோடு எழுதப்பட்ட கடன். அதன் பெரும்பகுதி பெற்றோர் முன்பு பிறருக்குச் செய்ததன் திரும்புதல். மீதி, இனிமேல் செய்யவேண்டியது. தொகையைப் பெறுவது ஒரு தலைமுறை, திருப்பிச் செலுத்துவது அடுத்த தலைமுறை. பெற்றோர் காலத்துக்குப் பின் அந்த நோட்டு மணமக்களுடைய பீரோவுக்கு வந்துசேரும். தாம் பார்த்திராத நோட்டின் கடனுக்குப் பொறுப்பாளியாகும் இருவர், அது எழுதப்படுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கலாகாதா?

நான்காவது நியாயம்: நாலு பேர் என்ன சொல்வார்கள்?

கௌரவம் என்பதைப் பொய்யென்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிற்றூரில் கௌரவம் என்பது கைமாற்று கிடைப்பதும், பெண் கிடைப்பதும், வழக்கில் சாட்சி கிடைப்பதும் ஆகும். ஆனால் செலவு அதைப் பெற்றுத் தருகிறதா? கர்நாடகக் கிராமங்களில் திரட்டிய விவரங்களை வைத்து பிரான்சிஸ் பிளாக், விஜயேந்திர ராவ், சோனால்டே தேசாய் என்ற மூவர் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தமக்குக் கிட்டிய சம்பந்தம் உயர்ந்தது என்று ஊருக்கு அறிவிக்கும் வழியாகவே கல்யாணக் கொண்டாட்டச் செலவு பயன்படுகிறது என்றும், மாப்பிள்ளை வெளியூராகி அவர் குடும்பத்தை உள்ளூரார் அறியாதபோது அந்த அறிவிப்பின் தேவை கூடுகிறது என்றும் காட்டிற்று. பெங்களூரிலும் துபாயிலும் மாப்பிள்ளை தேடும் நெல்லைக்கு இது அப்படியே பொருந்தும். ஆயின், ஒருவர் உயரக் காட்டினால் அது அறிவிப்பு. எல்லோரும் உயரக் காட்டினால் அதில் எவரும் எதையும் அறிவதில்லை. ஆயிரம் இலை போட்டவரை முந்த ஆயிரத்தைந்நூறு போட்டவர், அடுத்த முகூர்த்தத்தில் இரண்டாயிரம் போட்டவரால் மறக்கப்படுகிறார். போட்டியின் முடிவில் வரிசை மாறாமல் இருக்க, ஒவ்வொருவருடைய கடன் மட்டும் ஏறியிருக்கும். பந்தியில் அமர்ந்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது உணவு சூடாயிருந்ததா, தம்மை யாராவது அழைத்து உட்கார வைத்தார்களா என்பதையே. இவ்விரண்டும் கூட்டம் பெருகப் பெருகக் குறைபவை.

ஐந்தாவது நியாயம்: பொன்னில் போட்டது செலவாகாது, சேமிப்பு.

சேமிப்பு என்றால் செய்கூலியும் சேதாரமும் 3 சதவீத வரியும் கொடுத்து நகையாக வாங்குவது எதற்கு என்பது ஒருபுறமிருக்கட்டும். பெரிய அபாயம், பேச்சு பவுனில் முடிக்கப்படுவதில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பவுன் 58,000 ரூபாயை ஒட்டியிருந்தது. அக்டோபரில் 90,000 ரூபாயைக் கடந்தது. ஆண்டின் முதலில் முப்பது பவுன் என்று ஒப்புக்கொண்டு ஐப்பசியில் வாங்கப்போன தகப்பனாருக்கு 17,40,000 ரூபாய் 27,00,000 ரூபாயாகிவிட்டது. ஒன்பது லட்சத்து அறுபதாயிரம், ஒரு வார்த்தை மாறாமல் ஏறியது. ரூபாயில் வரம்பு கட்டாத எந்த ஒப்பந்தத்தையும் எந்த வியாபாரியும் செய்யமாட்டார். பெண்ணைப் பெற்றவர் மட்டும் செய்கிறார். கேட்டு வாங்குவது 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதை இங்கு மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது. கேளாமல் கொடுக்கும் அன்பளிப்புக்கும் அச்சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது: அது வழக்கத்தை ஒட்டியதாயும், கொடுப்பவரின் பொருளாதார நிலைக்கு மிஞ்சாததாயும், பட்டியலில் எழுதப்பட்டதாயும் இருக்கவேண்டும். சக்திக்கு உட்பட்ட கணக்கு வேண்டும் என்று கேட்கும் மணமகள் சட்டத்தின் வாசகத்தையே திருப்பிச் சொல்கிறாள்.

ஆறாவது நியாயம்: பணம் பெற்றோருடையது, பிள்ளைகளுக்கு அதில் பேச்சில்லை.

உண்மையில் பெற்றோருடையதாயின், அது அவர்களுடைய முதுமைக்கும் உரியது. அறுபது வயதில் கையிருப்பைக் கரைத்துவிட்ட தகப்பனாரின் கண் அறுவைக்கும் தாயாரின் மூட்டுவலிக்கும் பின்னர் பணம் தேடப்போவது அதே மகனும் மகளுமே. மேலும், முகூர்த்தத்தோடு முடிவதும் இல்லை. தலைதீபாவளி, பொங்கல்படி, வளைகாப்பு, தொட்டில் என்று சீர் தொடர்கிறது. கல்யாணத்தில் வைத்த அளவே அவற்றுக்கும் அளவாகிவிடுகிறது. இன்று மகளின் சம்பளத்தைக் காட்டியே கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே ‘பெற்றோர் பணம்’ என்ற பேச்சே பொருந்தாது.

ஏழாவதாக ஒன்று சொல்லப்படுகிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் அதற்கும் விடையளிக்கவேண்டும். கல்யாணங்கள் சுருங்கினால் நாதஸ்வரக்காரரும் சமையற்காரரும் பூக்கட்டுகிறவரும் என்ன செய்வார்கள்? 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வர வாசிப்பைக் கேட்கவென்றே கல்யாணத்துக்குப் போனவர்கள் இருந்த தேசம் இது. அந்தக் கலையைக் கல்யாணங்களிலிருந்து விரட்டியது சிக்கனமா? திரையும் ஒலிபெருக்கியும் இடத்தையும் பணத்தையும் பிடித்துக்கொண்டபோது, நாதஸ்வரம் தாலிகட்டும் நேரத்துக் கெட்டிமேளமாகக் குறுகிப்போயிற்று. தொகை வரம்புக்குட்பட்டது என்று தீர்மானித்த தம்பதிகளே, எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்தெடுக்கக் கட்டாயப்படுகிறார்கள்; அவர்கள் ஒரு நல்ல நாதஸ்வர கோஷ்டியையும், பெயர் நெய்த பத்தமடைப் பாயையும், மனமார ஒரு சொதி விருந்தையும் வைத்துக்கொண்டு மற்றதை விடலாம். வரம்பில்லாத கல்யாணத்தில் எதுவும் தெரிந்தெடுக்கப்படுவதில்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே வேண்டுவது வரிசையைத் தலைகீழாக்குவது. இப்போது முதலில் மண்டபம் பிடிக்கப்படுகிறது. மண்டபத்தின் நாற்காலிகள் அழைப்பின் எண்ணிக்கையை நிர்ணயிக்கின்றன. அழைப்பு இலையை, இலை சமையலை, சமையல் கடனை. தொகை கடைசியில் தெரியவருகிறது. அதற்குப் பதிலாக, நிச்சயதாம்பூலத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து, கடனின்றிக் கையில் உள்ளது எவ்வளவு, அதில் குடித்தனத்துக்கு ஆறு மாதச் செலவாக ஒதுக்கவேண்டியது எவ்வளவு, இரு வீட்டாரும் மனமுவந்து தரக்கூடியது எவ்வளவு என்று எழுதி, ஒதுக்கவேண்டியதைத் தள்ளி மற்றதைக் கூட்டி, எதிர்பாராததற்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதை வரம்பாகக் கொள்ளவேண்டும். அந்த வரம்புக்குள் இலை எத்தனை என்பதே அடுத்த கேள்வி. இலைக்கு 250 ரூபாய் என்றால் 300 இலையைக் குறைப்பதில் ஒரு வேளைக்கே 75,000 ரூபாய் மிஞ்சுகிறது, சிறிய மண்டபமும் போதுமானதாகிறது. மண்டபம் அதற்குப் பிறகு. முகூர்த்தங்கள் குவியாத நாளாகப் பார்த்தால் வாடகையும் பூவும் மலிவு.

இந்தப் பேச்சை யார் தொடங்குவது என்பதில்தான் பல தம்பதிகள் தோற்றுப்போகிறார்கள். பெண் வீட்டார் ‘குறைவாகச் செய்யலாமா?’ என்று கேட்டால் கஞ்சத்தனம் என்றும், பெண்ணே கேட்டால் வாயாடி என்றும் பேச்சு எழுகிறது. இந்த அநீதி ஒழியும்வரையில் அவர்கள் வாயால் அது வரும் என்று காத்திருப்பது கோழைத்தனம். இன்றுள்ள ஏற்பாட்டில் பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவன் மாப்பிள்ளை ஒருவனே. தன் வீட்டாரின் ஆசைக்கும் பெண் வீட்டாரின் அச்சத்துக்கும் நடுவே நின்று, ரூபாயில் ஒரு தொகையைச் சொல்லி, அதில் பாதியைத் தன் பக்கத்திலிருந்து ஏற்று, பவுன் பேச்சைத் தன் பெற்றோர் எடுக்குமுன் தானே தடுக்கவேண்டியவன் அவன். வெற்றிலைத் தட்டு மாறிய பிறகு தாயாரைக் காட்டியும் தாய்மாமனைக் காட்டியும் தனக்கு ஒன்றும் தெரியாதென்று சொல்கிறவன், செலவுக்கு மட்டுமல்ல, அதற்காகப் பெண் வீட்டார் பட்ட கடனுக்கும் உடந்தை.